கண்ணை மூடச் சொன்ன பயிலரங்கம்

அண்ணனூர் வேம்புலியின் மூத்த மகளும், அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பொறியாளருமான கவிப்பிரியாவின் வாழ்க்கை வரலாறு இரண்டு பாகங்கள் கொண்டது. தூங்காமல் இருந்த ஆண்டுகள் ஒன்று. தூங்கிப்போன அந்த வெள்ளிக்கிழமை மதியம் மற்றொன்று. இரண்டாவதுதான் பெரியது.

முதல் பாகத்தில் சொல்ல அதிகமில்லை. பகலில் வேலை, மாலையில் கல்லூரி என்று பட்டம் வாங்கும்வரை படிப்பதற்காக விழித்திருந்தார். கல்யாணமான பிறகு படிப்பு இல்லாமலே விழித்திருந்தார். பெண் பிறந்ததும் விழித்திருப்பது அவருடைய தகுதிகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும், நிர்வாகம் மறந்துவிட்டது.

தகட்டை அழுத்திக் கதவுப் பிடியாக்கும் பிரஸ் ஷாப்பில் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். வேலையை முன்பே கவிப்பிரியாதான் பார்த்துவந்தார், நாற்காலியை மட்டும் அந்த மனிதர் பார்த்துக்கொண்டார். அந்தப் பதவிக்கு விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சொல்லலாம் என்றார் ஆலை மேலாளர் ஹேமநாதன். கவிப்பிரியாவிடம் தொழில் கற்றுக்கொண்ட விஷ்ணு போய்ச் சொன்னான். கவிப்பிரியாவும் போனார். குடிநீர் இயந்திரம் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மீண்டும் போய், அது சரியாகிவிட்டதற்கு நன்றி தெரிவித்தார்.

அப்படியே வெள்ளிக்கிழமை வந்தது. பெண் பொறியாளர்களுக்கான தலைமைப் பண்புப் பயிலரங்கமும் அன்றைக்குத்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நிஷாவுக்கு வெல்லப்பாகு போன்ற குரல். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் முடிந்த கையோடு, ஏசி குளிரில், விளக்கை அணைக்கச் சொன்னார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. உடம்பைத் தளர விடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கீங்க, பாருங்க."

கண்ணை மூடு என்று அந்தப் பெண்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லி முடிப்பதற்குள் பாதி அறை தூங்கிவிட்டது. முன்வரிசையில் மெல்லிய குறட்டைகூட எழுந்தது. தன் பயிற்சி ஆழமாக இறங்குகிறது என்று நிஷா மகிழ்ந்தார்.

தூக்கத்தில் கவிப்பிரியா பிரஸ் ஷாப்பில் நின்றார். இயந்திரங்கள் சத்தமில்லாமல், தலையணைமேல் தலையணை வைப்பதுபோல இறங்கி எழுந்தன. தகட்டுச் சுருள் தானே அவிழ்ந்து வெள்ளி ஓடையாகி, ஷட்டரைத் தாண்டி எஸ்டேட் சாலையில் ஓடிற்று. கரையில் நாரைகள் காதடைப்பான் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஓடைமேல் ஹேமநாதனின் மேஜை ஓடம்போல வந்தது. நனைந்துவிடாதிருக்கக் கோப்புகளைத் தலைமேல் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். கனவில் அவர் அறைக்குக் கதவு இல்லை. தட்டவும் வேண்டாம், தயங்கித் திரும்பவும் வழியில்லை. கவிப்பிரியா வாயைத் திறந்தார்.

"சார், பிரஸ் ஷாப்பு எனக்கு வோணும். நான்தான பாத்துகினு கீறேன்? விஷ்ணுக்கு அச்சு மாத்தவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். இம்மா நாள் என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நாரைகள் திரும்பிப் பார்த்தன. யாரோ விலாவில் இடித்தார்கள்.

"அக்கா, எந்திரிங்க," என்றாள் பக்கத்து நாற்காலி ஜெபா, தர ஆய்வுப் பிரிவுக்காரி. "கனவுல பேசறதா நெனச்சிகினு சார் மூஞ்சிக்கு நேராவே பேசிட்டீங்க."

விளக்கு எரிந்தது. குழுப்படத்துக்காக வந்திருந்த ஹேமநாதன் எதிரே நின்றிருந்தார், கையில் பஜ்ஜியோடு. அறை முழுவதும் விழித்திருந்தது. அன்றைக்கு அது முதல் முறை.

ஹேமநாதன் நல்ல மனிதர். உடனே ஒரு வழி திறந்துவிட்டார். "பரவால்லம்மா. தூக்கத்துல வர்றதை யாரு கணக்குல எடுத்துக்கப் போறா? ஃபோட்டோ எடுத்துக்கலாமா?"

அந்த வழியாக நழுவிவிடலாம். சிரித்தால் போதும், திங்கள்கிழமை விஷ்ணு பொறுப்பாளர். காலையிலிருந்து ஓயாமல் பேசிய நிஷா, இப்போது வாய் திறக்கவில்லை. மொத்தப் பயிற்சியிலும் சிறந்த பகுதி அதுதான்.

அலுவலகத்துக்கென்று கவிப்பிரியா வைத்திருந்த தமிழ் அவசரத்துக்குக் கைக்கு அகப்படவில்லை.

"தூக்கத்துல சொன்னத உட்ருங்க சார். இப்ப முழிச்சிகினு சொல்றேன். ஷாப்பு எனக்கு வோணும்."

"விஷ்ணு பேரை அனுப்பலாம்னு இருந்தேனேம்மா."

"இருந்தீங்க, அனுப்பல. சாயந்தரம் வரைக்கும் டைம் கீதுல்ல சார்?"

ஹேமநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். பஜ்ஜியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிஷாவிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் இருவருக்கும் நேர்காணல் நடந்தது. கவிப்பிரியாவே தேர்வானார், ஆறு மாதம் பரிசோதனை அடிப்படையில். அத்தனை ஆண்டுகள் செய்த வேலையை அவரால் செய்ய முடியுமா என்று நிர்வாகத்துக்கு உறுதியாகத் தெரிய வேண்டாமா?

விஷ்ணு வந்து கை கொடுத்தான். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே மேடம்? நீங்க கேப்பீங்கன்னு பாத்துனே இருந்தேன். கேக்கல. சரி, உங்களுக்கு வேணாம்போலன்னுதான் நான் போனேன்."

"வாய் தொறந்து என்னான்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க மட்டும் தொறந்தீங்களா?"

கவிப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். ஜெபா யாரையும் எதுவும் கேட்காமல் தகட்டு விளிம்பின் பிசிறைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபா, இங்க வா. உனக்கு இன்னா வோணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேணாங்கா," என்றாள் ஜெபா, பதறிப்போய்.

கவிப்பிரியா நம்பவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.