மூன்று வெறுப்பு

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் அலுவலகத்தில் பெரியவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். எவ்வளவு நீள வசனமானாலும் நறுக்கித் திரைக்கு அடியில் இரண்டு வரிக்குள் அடக்கிவிடுவாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. போதாத காலம், கொழுந்தன் பெண்டாட்டி சின்னவளுக்கும் அதே அலுவலகத்தில் சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

சின்னவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாமியார் கடைக்குப் போவதென்றால்கூட அவளைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சிபாரிசு செய்த வாயால் யாரிடம் போய்ப் புலம்புவது?

அப்போதுதான் தலைமை மொழிபெயர்ப்பாளர் இடம் காலியானது. பெரியவள் இத்தனை வருடம் காத்திருந்த நாற்காலி. முதலாளி இருவரிடமும் ஒரே காட்சியைக் கொடுத்து எழுதச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி சண்டை. அந்தப் பெண்டாட்டி முதலில் 'ஹேட்' என்கிறாள், அப்புறம் 'லோத்', கடைசியில் 'டிஸ்பைஸ்'; மூன்றுமே வெறுப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள். பெரியவள் யோசிக்கவே இல்லை. மூன்றுக்கும் 'வெறுக்கிறேன்' என்று போட்டு அனுப்பிவிட்டாள். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

நாற்காலி சின்னவளுக்குப் போனது. அப்படி என்னதான் கிழித்துவிட்டாள் என்று பெரியவள் அவள் எழுதியதைத் திறந்து பார்த்தாள். முதல் இடத்தில், 'உன்னைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது.' இரண்டாவதில், 'நீ தொட்டதைத் தொடவே குமட்டுது.' மூன்றாவதில், 'உன்னை நான் ஒரு ஆளாவே மதிக்கல.' ஆத்திரம், அருவருப்பு, இளக்காரம் என்று தனித்தனியாக நின்றன. குற்றம் கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் தேறவில்லை.

கை கழுவும் இடத்தில் சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். "வெறுப்பை இப்படிப் பிரிச்சு எழுத எந்தப் புத்தகத்துல படிச்ச?"

சின்னவள் குழாயை மூடினாள். "புத்தகமெல்லாம் இல்லக்கா. வீட்டுக்கு வந்த புதுசுல நான் வாயத் தொறந்தாலே உங்க முகம் மாறும். அப்புறம் நான் கழுவி வச்ச டம்ளர எடுத்துத் திரும்பக் கழுவுவீங்க. இப்ப அதுவும் இல்ல. நான் நிக்கிற பக்கமே பாக்கறதில்ல. மூணும் வேற வேறன்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சுது."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் தாமதமாக. முதலில் வந்தது, அத்தனையும் செய்தவள் நான், அதை எழுதிப் பேர் வாங்கினவள் இவளா என்கிற பொறாமைதான்.