குட்னியின் கழுத்தில் மணி

மலைகளுக்கிடையே கடல் நுழைந்து கிடக்கும் எங்கள் ஃபியோர்டின் குறுகிய வாயில் கடல் திரும்பும்போது திமிங்கிலம்கூடப் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்பேன். திமிங்கிலம் என் கைச்சரக்கு. படகு தாங்காது என்பது மட்டும் நிஜம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே தண்ணீர் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்குள் கடந்துவிட வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் குட்னிக்கு மூச்சு வாங்கவும் நேரமில்லை. புருஷன் போன பிறகு கோடை முழுக்க ஒற்றை ஆளாகப் புல் அறுத்துக் கம்பிகளில் உலர்த்தியவள். முட்டி மடங்க மறுத்தது. அந்த வாய்க்கு அப்பால் தீவில் மேயவிட்ட ஆடுகளை அன்றைக்கே கொண்டுவர வேண்டும். வடக்கே பனிமேகம் திரண்டிருந்தது. விட்டால் நாள்கணக்கில் படகு இறங்காது. தீவில் ஆடு ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.

"இந்தத் தடவை தவறிச்சுன்னா ஆடே வேணாம் அண்ணி. டவுனுக்கு வந்துடுங்க," என்றான் தீவுக் கரையில் படகுக் கயிற்றைப் பிடித்திருந்த கொழுந்தன் ஹால்வர்.

"வித்துடு. கூடவே என்னையும் வித்துடு, பாரம் குறையும்."

வழக்கம்போலக் கிழட்டு ஆடு ராணியை முதலில் ஏற்றினாள். பின்னாலேயே மந்தை வரும். அன்று வரவில்லை. மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது.

"ராணி கழுத்து மணி எங்க அண்ணி?"

அப்போதுதான் உறைத்தது. வசந்தத்தில் கழுத்து புண்ணானதென்று கழற்றியவள், திரும்பக் கட்ட மறந்து மழைச்சட்டைப் பையிலேயே வைத்திருந்தாள். இத்தனை வருடமும் மந்தை வந்தது ராணிக்குப் பின்னால் அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பின்னால்.

அவசரமாகக் கட்டினாள். ராணியோ படகுக்குள் படுத்துவிட்டது; அசைந்தால்தானே மணி அடிக்கும்?

"நீயுமாடி?" என்றாள் குட்னி. மணியை அவிழ்த்துத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டு, முட்டியைத் திட்டியபடி மேடேறி, குலுங்கக் குலுங்க இறங்கி வந்தாள். ஆடுகள் முட்டிமோதிக்கொண்டு அவள் பின்னால் படகில் ஏறின. ஹால்வர் சிரிக்கவில்லை. சிரித்தால் கயிறு நழுவியிருக்கும். தண்ணீர் அதற்குள் இழுக்கத் தொடங்கியிருந்தது.

சுழி பிடிக்க ஒரு முழம் இருக்கும்போது வாயைக் கடந்து தப்பினார்கள். வீட்டுக் கரையில் கால் வைத்ததும் குட்னியின் களைப்பெல்லாம் பறந்துபோனது.

இதை நான் சொல்லி முடித்தபோது, எதிரில் காப்பி குடித்துக்கொண்டிருந்த குட்னி தலையைத் தூக்கினாள்.

"மத்ததெல்லாம் சரி. எந்தக் களைப்புடி பறந்துச்சு? இன்னும் என் முட்டியிலதான் உக்காந்திருக்கு."