ஒப்பாரி அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லூரி கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது. கூடவே முறுக்கும் வந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்... ஒரு லெக்சரருக்கு முறுக்கு எதற்கு?

"உக்காருங்க டீச்சர். இங்கிலீஷ் டிபார்ட்மென்டுக்கு அடுத்த புரொபசர் நீங்கதான்னு கமிட்டியில பேசிக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு விசயம்... உங்க ஆராய்ச்சியில கடைசி அத்தியாயம் மட்டும் வேண்டாம். எடுத்துருங்க."

எடுத்துவிட வேண்டுமாம் — காபியில் விழுந்த எறும்பை எடுப்பது போல.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். சாத்தூரில் நர்ஸாக இருந்த அம்மா, நைட் டூட்டியாகப் பார்த்து என்னை மதராஸுக்கு அனுப்பி எம்.ஏ. படிக்கவைத்தார். நான் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஏனோ அழுகை வரவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரம் வகுப்பில் நடந்த பாடம், செத்துப்போன நண்பனுக்காக ஒரு ஆங்கிலக் கவிஞன் எழுதிய இரங்கற்பா. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுது தீர்த்தேன்.

அன்றைக்குப் பிடித்ததுதான். ஆங்கில இரங்கற்பாக்களே என் ஆராய்ச்சி ஆயிற்று.

அவற்றுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் அழுகை, நடுவில் சாமியோடு கொஞ்சம் சண்டை, கடைசியில் ஆறுதல். கவிஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். துக்கம் என்றால் ஆறுதலில்தான் முடியும் என்று நானும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

எம். புதுப்பட்டிக்குப் போகும்வரைக்கும்.

என் பி.ஏ. மாணவி பாக்கியத்துக்கு அதுதான் ஊர். அவள் தங்கை அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்திருந்த நேரம். வெடிமருந்து அறையில் தீப்பிடித்து அந்தப் பெண் போய்விட்டாள். பதினாறு வயது. துக்கம் கேட்கப் போனேன். பாக்கியத்தின் அம்மா மாரியம்மாள் வெறுந்தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

கல்லுவச்ச கம்மல் கேட்டே — என் மகளே
கம்பெனிக்கு அனுப்பி வச்சேன்
ஒத்தவாசல் வச்சுக் கட்டி — என் மகளே
உள்ளவச்சுக் கொன்னாகளே
மறுவாசல் இருந்திருந்தா — என் மகளே
மடிக்கு வந்து சேர்ந்திருப்பே

இதில் எங்கே ஆறுதல்? விதி என்று ஒரு வார்த்தை கிடையாது. சாமியைக்கூட இழுக்கவில்லை. குற்றம் யார்மேல் என்று நேராகச் சொல்லிவிட்டது அந்தப் பாட்டு.

தெருவில் நின்றிருந்த கம்பெனி ஆள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "போதும் ஆத்தா, நிப்பாட்டுங்க. மொதலாளி மாலை கொண்டுக்கிட்டு வாராக" என்றார். அவ்வளவுதான். சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதே வரிகளைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். மாலை தெருவோடு திரும்பிப் போனது.

சில மாதம் கழித்து மாரியம்மாளைப் பார்த்து, அந்தப் பாட்டை என் ஆராய்ச்சியில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எளுதுங்க டீச்சர். அன்னைக்கு எம்புட்டோ பேரு வந்து விசாரிச்சாக. பிள்ளை கவனமில்லாம இருந்துட்டான்னு எளுதிக்கிட்டுப் போயிட்டாக. எம்மக கவனமாத்தான் இருந்தா. நீங்களாச்சும் அந்த வாசலை எளுதுங்க."

எழுதினேன். ஆறுதலில் முடியாத அழுகையும் உண்டு, அது நியாயம் கேட்கும் என்று கடைசி அத்தியாயம் எழுதினேன். கல்லூரி டைப்பிஸ்டிடம் டைப் அடிக்கக் கொடுத்ததில் சமாச்சாரம் மேலே போய்விட்டது. அந்தக் கம்பெனி முதலாளி யார் தெரியுமா? கரஸ்பாண்டென்டின் சம்பந்தி.

"நம்ம காலேஜ் கட்டடத்துக்கே அவுகதான் உதவி பண்ணுனாக. ஒப்பாரியெல்லாம் இங்கிலீஷ் லிட்டரேச்சர்ல வருமா டீச்சர்?" என்றார் கரஸ்பாண்டென்ட், அந்தச் செவ்வாய்க்கிழமை. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், என்னை அத்தியாயத்தை எடுக்கச் சொல்ற நேரத்துல, உங்க சம்பந்தியை அந்த ஷெட்டுல இன்னொரு வாசல் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். முறுக்கைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் புரொபசர் பெயர் வந்துவிட்டது. எனக்கு ரொம்ப ஜூனியரான ஒரு பெண். நான் மறுநாள் காலை முதல் வேலையாகத் தபால் ஆபீஸுக்குப் போய், ஆராய்ச்சி முழுவதையும் — கடைசி அத்தியாயத்தோடுதான் — யூனிவர்சிட்டிக்கு ரிஜிஸ்டர் செய்து அனுப்பினேன். பட்டம் வருமா? தெரியாது. அங்கேயும் யாருக்காவது சம்பந்தி இருக்கலாம்.

சாயங்காலம் அந்த ஜூனியர் பெண் என் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண்தான். தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் கோபத்தைக் குறைச்சு எழுதியிருக்கலாம். ஆராய்ச்சிக்குக் கோபம் ஆகாதுல்ல?" என்றாள்.

பதினாறு வயதுப் பெண் வெந்து சாவது எல்லோருக்கும் ஆகும்... அதைப் பார்த்து ஒருத்திக்குக் கோபம் வருவது மட்டும் ஆகாது.