என் மனையில் இறங்கிய விமானம்

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே எனக்கு ஒரு காலி மனை உண்டு. காலி என்பது பேச்சுக்குத்தான். சுற்றிலும் ஆளுயரக் கருங்கல் தூண்கள், அவற்றில் ஐந்து வரிசை முள்கம்பி, முகப்பில் என் பெயரும் பத்திர எண்ணும் எழுதிய தகரப் பலகை. உள்ளே சீமைக்கருவேலம் மட்டும் என்னைக் கேட்காமல் குடியிருந்தது. எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குகிறவன் முதலில் வீடு கட்ட மாட்டான், வேலி போடுவான். வேலி இல்லாமல் ஒரு மாதம் விட்டால் எவனாவது மாட்டைக் கட்டுவான், அப்புறம் கூரை போடுவான், அப்புறம் கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கிக்கொண்டு நம்மையே "யார் சார் நீங்க?" என்று கேட்பான்.

எனக்கும் அடுத்த மனைக்காரருக்கும் அரை அடித் தகராறு. மூலைக்கல்லை நான் அவர் பக்கம் அரை அடி தள்ளி நட்டுவிட்டேன் என்பது அவர் கட்சி. ஊரே மூழ்கிய பெருவெள்ளத்தில் இரண்டு மனைகளும் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபோதுகூட எல்லை எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை, ஆளுக்கொரு இடத்தில். வழக்கு முடியாமல் வேலி போடுவதில்லை என்று அவர் தன் மனையைத் திறந்தே போட்டிருந்தார். அதற்கப்பால் விற்காத மனைகள் வரிசையாக வெறுந்தரையாகக் கிடந்தன. அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இருவருமே படித்தவர்கள் என்பதால் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவளத்திலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டுவரும் அக்கா எங்கள் வாசலில் சங்கரா நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஓடுதளம் இருப்பதால் தலைக்கு மேல் விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தச் சத்தம் இருமியது. இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டிப் பயிற்சி விமானம், ஓடுதளம்வரை போய்ச் சேர முடியாமல், தென்னை மர உயரத்தில் எங்கள் தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருமலும் நின்றது. கடைசி நேரத்தில் அது வீடுகளை விட்டு விலகித் திரும்பி, அந்த வெறுந்தரையில் இறங்கியது. சக்கரங்கள் ஒழுங்காகத்தான் தொட்டன. குலுங்கிக்கொண்டே ஓடி, வேகம் குறைந்து, பக்கத்து மனையையும் கடந்து, நேராக வந்து என் மூலைக்கல்லில் இறக்கையை இடித்தது. பம்பரமாய் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து வரிசை முள்கம்பியையும் உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு நின்றது.

தெருவே செல்போனும் கையுமாக ஓடியது. நானும் ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் முதலில் பார்த்தது கல்லைத்தான். இரண்டாக உடைந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டுவது காதில் விழுந்தது.

இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண். தனியாகத்தான் ஓட்டி வந்திருக்கிறாள். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தோளால் கதவை முட்டிக்கொண்டிருந்தாள். கம்பி இறுக்கிக் கட்டியிருந்ததால் அது விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

தெருக்கோடியில் குடியிருக்கும் பக்கத்து மனைக்காரரும் ஓடி வந்து, தன் காரிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து கம்பியில் வைத்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் வாயைத் திறந்தேன்.

"அங்க வெட்டாதீங்க சார். அந்தக் கம்பிதான் எல்லைக்கு அடையாளம். இந்தப் பக்கமா வெட்டுங்க."

அவர் பிளேயரை எடுத்துவிட்டார். "ஓஹோ! எல்லையா? கல்லு இருந்த குழி எங்க இருக்குன்னு இப்ப எல்லாரும் பாக்கறாங்க சார். என் மனையில இருக்கு."

"குழியைத் தொடாதீங்க. சர்வேயர் வரட்டும்."

"வரட்டுமே! நான் போட்டோவே எடுத்து வெச்சிக்கறேன்."

எடுக்கவும் செய்தார். குனிந்து, வெளிச்சம் பார்த்து, இரண்டு கோணத்தில். நான் என் நிழல் குழியின் மேல் விழும்படி நகர்ந்து நின்றேன். உள்ளே அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாய்யா மனுசங்க நீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மீன்கார அக்கா. "உள்ள ஒரு பொண்ணு உசுரோட கீது, நீங்க குழிய அளந்துகினு கீறீங்க! குடுய்யா அத!"

பிளேயரைப் பிடுங்கி, எல்லை, அடையாளம் என்று எதுவும் பார்க்காமல் கைக்கு வந்த இடத்திலெல்லாம் வெட்டினார். முள் கிழித்து முழங்கைவரை ரத்தம். கதவு திறந்தது. அந்தப் பெண்ணைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். வலது பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. விமானம் தீப்பிடிக்கவில்லை. அதில் எங்கள் இருவருடைய பங்கும் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை எங்கள் வாசலில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தோம். என் மனைவி அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுழற்றி எதிரே கிடந்த கல்லையும் தகரப் பலகையையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது உங்க இடமா அங்கிள்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சாரி அங்கிள். மேலருந்து பாக்கறப்ப வெறும் தரையாதான் தெரிஞ்சுது. வீட்டு மேல விழுந்துடக் கூடாதுன்னுதான் அங்க எறக்கினேன். உங்க கல்லை ஒடைச்சிட்டேன்."

"பரவாயில்லம்மா," என்றேன். "வேற கல்லு நட்டுக்கலாம்."

மன்னித்துவிட்டேன், பாருங்கள். என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி, மீன்கார அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, ரத்தம் வழிந்த அவர் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.