வரையச் சொல்கிற டெல்பின்

எதிரே இருப்பவர் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டெல்பின் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்திவிடுவார். “சொன்னது போதுங்க. இதுல போட்டுக் காட்டுங்க. அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல.” வரையத் தெரியாது என்பார்கள். “எனக்கும் கோடு கோணலாத்தான் வரும்” என்பார். அது பொய்.

சென்னையில் பல ஆண்டுகள் மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் உள் வடிவமைப்பு செய்தவர். “மேசை பத்தலம்பாங்க. போய்ப் பாத்தா வேண்டாத சாமான் குவிஞ்சிருக்கும்” என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார். இப்போது காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் வாடகை மாடி ஒன்றில், வேலையிலோ வீட்டிலோ முட்டிக்கொண்டு நிற்பவர்கள் தாங்களே வழி கண்டுபிடிக்க உதவும் கோச். கீழ்வீட்டு லூர்தம்மாள் இன்னமும், “எந்த வெளாட்டுக்கும்மா?” என்று கேட்கிறார்.

ஹோட்டலில் கை கழுவப் போகிறவர்கள் எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தபடியே டெல்பின் தோசையை ஆறவிடுவார். யாராவது அறிவுரை கேட்டால், சொல்லிவிடாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பார்.

போன வருஷம் திருநள்ளாற்று விடுதி ஒன்றின் மேலாளர் முருகானந்தத்தை அவருடைய முதலாளி இவரிடம் அனுப்பினார். முருகானந்தம் விழிதியூர்க்காரர். வருகிறவர்களிடம் கத்துகிறார், இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதை நான் எழுத முருகானந்தமே சம்மதித்தார்.

“கோவத்தக் கொறைக்க எதாச்சும் சொல்லிக் குடுங்க மேடம்.”

டெல்பின் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அந்த விடுதியில் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வாசல், மேசையில் உட்கார்ந்திருந்த முருகானந்தத்துக்கு வலப்பக்கம். அங்கிருந்து கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர்கள் குரலை உயர்த்தினார்கள், இவரும் உயர்த்தினார். சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்ற ஒரு பெண்ணிடம் மட்டும் சாவியைச் சாந்தமாக எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை முருகானந்தம் வந்தபோது, விடுதி மேசையையும் வாசலையும் வரையச் சொன்னார். “ஆளுங்க எங்க நின்னா உங்களுக்குத் தோதா இருக்கும்? புள்ளி வைங்க.”

புள்ளிகள் எல்லாம் இடப்பக்கமே விழுந்தன.

“வாசல் இந்தப் பக்கம். ஆளுங்கள அந்தப் பக்கம் நிறுத்திட்டீங்களே?”

முருகானந்தம் பென்சிலைக் கீழே வைத்தார். “வலது காது கேக்காதுங்க. ரெண்டு வருஷமாச்சு. வீட்லயும் சொல்லல. ஓனருக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாரு.”

மேசையை எங்கே மாற்றிப் போடலாம் என்று டெல்பினுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கை பரபரத்ததாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, “என்ன பண்ணலாம்னு நெனைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் காரணம் சொன்னார்: “நான் போட்டுக் குடுத்தா அது என் மேசைங்க. ஏன் மாத்துனேன்னு நாளைக்கு ஓனரு கேட்டா, அவருல்ல பதில் சொல்லணும்?”

முருகானந்தம் வரைந்தார், அழித்தார். முதலில் போட்ட இடத்தில் படிக்கட்டு மறைந்தது. பிறகு எதிர்ச்சுவருக்கு மாற்றினார், வாசல் இடப்பக்கம் வந்தது. காரணத்தை முதலாளியிடம் சொல்வதற்கு முந்தைய நாள் மனைவி பெரியநாயகியிடம் சொன்னார். அந்த அம்மாள் அழுதுவிட்டார். தன்னோடு பேசப் பிடிக்காமல்தான் பதில் சொல்வதில்லை என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாராம். முதலாளி, “இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா?” என்றதோடு விட்டுவிட்டார். வேலை இருக்கிறது. காது மருத்துவரிடமும் போய்வருகிறார்.

போன வாரம் டெல்பினோடு திருநள்ளாறு போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் முருகானந்தம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட வாயெடுத்தேன். டெல்பின் என் கையை லேசாக அழுத்தினார். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு இறங்கி, பெஞ்சைச் சுற்றிப் போய் அவருக்கு இடப்பக்கமாக நின்றார். அதற்குப் பிறகுதான், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் கேட்டார்:

“டீ சாப்டாச்சுங்களா சார்?”