கொத்சு நின்றுபோன மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டார்கள். எந்த நாட்டுப் படமோ, தமிழில் பேசவைத்திருந்தார்கள். ரொம்பக் காலத்துக்கு முந்தைய ஓர் அநாதை விடுதி. அதில் குட்டிக் குட்டிப் பையன்கள், அவர்களை அடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மாதிரி ஒரு மேலாள். பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று பையன்கள் முட்டிபோட்டுத் தரையைத் தேய்க்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பினாயில் வாசனை அடித்தது. டிவியிலிருந்து வாசனை வராது என்று எனக்கும் தெரியும்.

"இன்னாங்க, ஃபேன் ஓடிக்கிட்டுதான இருக்குது, இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு?" என்றாள் மனைவி.

நான் எதற்குத்தான் வேர்க்காதவன்? காஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். கடலூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பேன். ஏறி உட்கார்ந்த பிறகும் அது கடலூர் பஸ்தானா என்று நாலு பேரிடம் கேட்பேன். அதனால் அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அப்பா செத்த பிறகு அம்மா காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வேலைக்குப் போனாள். என்னைக் கடலூரில் ஒரு ஹோமில் விட்டாள். சாதாரண நாளில் அங்கே அடிப்பது ஈரப் பாயும் மூத்திரமும் கலந்த வாசனை. பினாயில் அடித்தால் சிதம்பரத்தம்மா வருகிறார் என்று அர்த்தம். இறந்துபோன தன் மகன் பெயரில் மாதம் ஒருமுறை வேனில் சாப்பாடு கொண்டுவருவார் அந்த அம்மா. சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. என் மனைவியும் கொத்சு வைக்கிறாள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாசம் காத்துக் கிடந்து சாப்பிடுகிற கொத்சுக்கு வீட்டில் எங்கே போவது?

இலையில் விழுந்தாலும் தொடக்கூடாது. முதலில் அந்த மகன் பெயரைச் சொல்லி ஒரு பாட்டு. பிறகு அந்த அம்மா, "எல்லாரும் நல்லா இருக்கீங்களாப்பா?" என்பார். "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே குரலில் சொல்லவேண்டும். முந்தின நாளே வார்டன் சார் ஒத்திகை பார்த்துவிடுவார். அன்றைக்கு மட்டும் அவருடைய பிரம்பு பீரோ மேலே ஏறிவிடும்.

பிரம்புகூடத் தேவலை. பாயை நனைத்துவிட்டான் என்று என் பக்கத்துப் பாய் மணியை அவர் அறைந்தது கையால்தான். இடது காதிலிருந்து சீழ் வந்தது. அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான், கவலைப்பட்டதெல்லாம் நான். தலையணையைப் பிய்த்துப் பஞ்சு எடுத்து அவன் காதில் வைத்துவிடுவேன். அவன் பின்னால் இடது பக்கமாகப் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்பமாட்டான்.

அடுத்த முறை அந்த அம்மா பரிமாறிக்கொண்டே வந்தபோது என் இலைக்கு முன்னால் குனிந்தார். "ஏம்பா, நீ மட்டும் சாப்புடாம ஒக்காந்திருக்க?"

"மணிக்குக் காது கேக்கலம்மா. சாரு அடிச்சதுல. டாக்டர்கிட்ட காட்டணும்மா."

கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு அந்த அம்மா ஆபீஸ் ரூமுக்குப் போனார். உள்ளே அவர் சத்தம் உயர்ந்தது, பிறகு அடங்கியது. வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார். டாக்டரைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

டாக்டர் வரவில்லை. மறுமாதம் தரை துடைத்தோம், இலை போட்டோம், உட்கார்ந்திருந்தோம். வேனும் வரவில்லை. இலையெல்லாம் காய்ந்து சுருண்ட பிறகு ரசம் சோறு போட்டார்கள்.

"ஒன்னாலதான்டா போச்சு. கலெக்டர் மாரி பேச வந்துட்டான்" என்றான் ஒருத்தன். அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மணி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனான். போகும்போது கேட்டான்: "ஒரு காது கேட்டாப் போதாதாடா எனக்கு? எவன்டா ஒன்னச் சொல்லச் சொன்னது?"

வார்டன் என்னை அடிக்கவில்லை. ஊரிலிருந்து என் அம்மாவை வரவழைத்து, "இவன் இங்க சரிப்படமாட்டாம்மா" என்றார். ஒன்பதாவது பாதியில் நின்றது. பஸ்ஸில் அம்மா, "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ரைஸ்மில்லில் சாக்கு தைக்கப் போனேன். அந்தத் தையல்தான் இன்றைக்கு சிதம்பரத்தில் வண்டிகளுக்கு சீட்கவர் தைக்கிற கடையாக வளர்ந்திருக்கிறது.

டிவிப் படத்தில் ஒரு பெண்மணி புகார் கொடுக்கிறாள், அதிகாரிகள் வருகிறார்கள், கேட்டைத் திறக்கிறார்கள், பையன்கள் ஓடுகிறார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். நான் மறுநாளே கடலூருக்குப் போனேன். ஹோம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். எதிர் டீக்கடைக்காரர், "ஹோமா? நான் வந்து ரொம்ப வருசம் ஆச்சு. அப்பிடி எதுவும் பாத்ததில்லீங்களே" என்றார். நான் ஹோமை விட்டுக் கிளம்பிய பிறகாவது அந்த அம்மா டாக்டரோடு வந்தாரா என்று வேறு யாரைக் கேட்பது? அவர் சிதம்பரத்தில் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. மணிக்கு ஊர் எதென்று மணிக்கே தெரியாது.

கடைக்கு வருகிறவர்களில் யாராவது தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்டால், பில்லில் பெயர் போடுகிற சாக்கில் பெயர் கேட்டுவிடுவேன். சில மாதங்களுக்கு முன் ஒருவர் மணி என்றே சொன்னார். கீரப்பாளையத்துக்காரர், பிறவியிலேயே அப்படியாம். அவர் போகிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தெரு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, ஒத்துப்பார்க்க மணியின் முகம் எனக்கு ஞாபகமில்லை என்று.