சத்தமில்லாத வண்டி

பார்சல் கொடுக்கும் வேலைக்காக நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பூதலூர் பக்கம் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓர் அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பழைய பெட்ரோல் வண்டியின் சத்தத்துக்கே எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். அதே நினைப்பில் வேகத்தைக் குறைக்காமல் போய் இடித்துவிட்டேன்.

அவர் நெற்றி தார்ச் சாலையில் மோதியது. நெல்லெல்லாம் ரத்தம். அவருடைய மகன் ஓடிவந்து என்னைக் கீழே தள்ளி, நெல் தள்ளும் பலகையால் முதுகில் அடித்தார். இரண்டாவது அடியில் எனக்கு மூச்சே வரவில்லை.

“ஹாரன் அடிச்சியாடா?”

“அடிச்சேங்க.”

பச்சைப் பொய். என் கை ஹாரன் பக்கமே போகவில்லை. அவர் மறுபடியும் பலகையை ஓங்கினார்.

“அந்தத் தம்பிய விடுடா,” என்றார் அந்த அம்மா, முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு. “ஹாரன் அடிச்சுச்சு. நான்தான் ஒதுங்கல.”

அதே வண்டியில்தான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இப்போது நெல் காயும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். பலகை அடி ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்த அம்மா எனக்காகச் சொன்ன பொய்தான் இன்னும் வலிக்கிறது.